கார்ட்டுலரி: சொல்லின் வேரும் தமிழ்ச் சொல்லும்

இங்கிலாந்தின் நடுக்கால மடங்கள், தேவாலயங்களின் சொத்து வரலாற்றைப் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சொல் கார்ட்டுலரி. இதை ‘ஆவணத் தொகுப்பு’ என்று தமிழில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அப்படி எழுதினால், பெட்டிக்குள் அடுக்கி வைத்த மூலப் பத்திரங்களைத்தான் வாசகர் நினைத்துக்கொள்வார். கார்ட்டுலரி என்பது அந்தப் பத்திரங்கள் அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்ட புத்தகம். நில உரிமைக்கு ஆதாரமான கொடைப் பத்திரங்கள், அரசரின் பட்டயங்கள், போப்பாண்டவரின் ஆணைகள், வழக்குத் தீர்ப்புகள், குத்தகை ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் சொத்தை வைத்திருப்பவரே ஒரே ஏட்டில் வரிசையாகப் படியெடுத்து வைத்துக்கொள்வார். பெரும்பாலும் இதைச் செய்தவை மடங்களும் தேவாலயங்களும். சில பிரபுக் குடும்பங்களும் செய்திருக்கின்றன.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பாப்பிரஸ் நாணல் தாளுக்குக் கிரேக்கர்கள் சொன்ன பெயர் கார்ட்டேஸ். அது லத்தீனில் கார்ட்டா ஆனது. முதலில் தாளைக் குறித்து, பிறகு தாளில் எழுதிய ஆவணத்தையும் குறித்தது. 1215-இல் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவில் வருவதும் இதே கார்ட்டாதான். சார்ட்டர், சார்ட், கார்டு எல்லாம் இதன் கிளைகள். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் கார்ட்டுலாரியஸ் என்றால் ஆவணங்களைப் பராமரிக்கும் அலுவலர். அந்த வழியிலேயே ஆவணங்கள் அடங்கிய ஏட்டுக்கு நடுக்கால லத்தீனில் கார்ட்டுலாரியம் என்ற பெயர் வந்தது. ஆங்கிலத்தின் கார்ட்டுலரி அதிலிருந்து வந்தது.

இந்தக் குடும்பத்தில் நமக்கும் ஒரு உறவு உண்டு. கிரேக்கக் கார்ட்டேஸ் அரபியில் கிர்த்தாஸ் ஆனது. அரபியிலிருந்து போர்த்துகீசியத்துக்குப் போய்க் கர்த்தாஸ் ஆனது. இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களுக்குப் போர்த்துகீசியர் கொடுத்த அனுமதிச் சீட்டுக்கு அதுதான் பெயர். அதுவே தமிழில் கடுதாசி. இலங்கைத் தமிழர் இன்றும் தாளைக் கடதாசி என்றுதான் சொல்கிறார்கள். ஆக, வீட்டுக்கு வந்த கடுதாசியும் இங்கிலாந்து தேவாலயத்தின் கார்ட்டுலரியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

அடுத்து, கார்ட்டுலரி எழுதி வைத்த சமய அமைப்புகளில் ஒன்றைக் குறிக்கும் ‘காலேஜ்’ என்ற சொல்லையும் கொஞ்சம் தெளிவுபடுத்த வேண்டும். நடுக்கால இங்கிலாந்தின் சமயக் காலேஜ் என்றதும் கல்லூரி என்று எழுதினால் பொருள் தவறிவிடும். லத்தீனில் கொலேகா என்றால் உடன் பணியாற்றுபவர். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்த அமைப்பு கொலேகியம். கர்தினால்களின் குழுவை ஆங்கிலத்தில் காலேஜ் என்று சொல்வது இந்தப் பழைய பொருளில்தான். ஒரு தேவாலயத்தில் பல குருமார் கூட்டாக இருந்து, சொத்தைக் கூட்டாக நிர்வகித்து, வழிபாட்டை முறை வைத்து நடத்தினால் அது காலேஜ். அவர்கள் துறவிகள் அல்ல. மடத்து விதிகளுக்கு உட்பட்டவர்களும் அல்ல. கேனன் என்று அழைக்கப்பட்ட ஒவ்வொரு குருவுக்கும் வருமானத்தில் தனிப் பங்கு ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பங்குக்கு பிரிபெண்டு என்று பெயர். இந்த அமைப்பைத் தமிழில் ‘குருமார் மன்றம்’ என்று சொல்வதே சரியாக இருக்கும்.

நாட்டிங்காம்ஷயரில் உள்ள சவுத்வெல் தேவாலயம் இதற்கு நல்ல சான்று. அங்கே 16 பிரிபெண்டுகள் இருந்தன. அந்த மன்றத்தின் ஆவணங்களைப் படியெடுத்த பெரிய ஏட்டுக்கு லிபேர் ஆல்பஸ், அதாவது ‘வெள்ளைப் புத்தகம்’ என்று பெயர். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டது. இன்னொன்று வார்விக் நகரின் புனித மரியாள் தேவாலயம். வார்விக் பிரபு ரோஜர் 1123 வாக்கில் அதைக் குருமார் மன்றமாக அமைத்தார். அதன் கார்ட்டுலரி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சரி, மூலப் பத்திரம் கையில் இருக்கும்போது எதற்காக இத்தனை பாடுபட்டுப் பிரதி எடுக்க வேண்டும்?

அந்தக் காலத்துக் கொடைப் பத்திரம் என்பது ஒரு சிறிய தோல் தாள். ஒரு பக்கம் மட்டும் லத்தீனில் எழுத்து. அடியிலிருந்து மெழுகு முத்திரை தொங்கும். ‘இப்போது இருப்பவரும் இனி வரப்போகிறவரும் அறிக’ என்று தொடங்கும். யார் கொடுக்கிறார், எந்த ஊரில் எவ்வளவு நிலம், பக்கத்து நிலம் யாருடையது, ஆலை உண்டா, மேய்ச்சல் உரிமை உண்டா, பத்தில் ஒரு பங்கு காணிக்கை யாருக்கு என்றெல்லாம் சொல்லும். தேவாலயத்துக்குக் கொடுத்தால் ‘தூய, நிலையான அறக்கொடையாக’ என்ற தொடர் வரும். கடைசியில் சாட்சிகளின் பெயர்கள். இப்படிப்பட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில் மரப்பெட்டிகளில் சேர்ந்துவிடும். தோலை எலி கடிக்கும், ஈரம் அரிக்கும், முத்திரை உடையும். நெருப்புப் பிடித்தால் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். தேட வேண்டிய தாள் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் தாய்ப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, எடுத்துப் பார்க்க நகலை வெளியில் வைப்பது போலத்தான் அவர்களும் செய்தார்கள்.

பாதுகாப்பு மட்டும் காரணமல்ல. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய கார்ட்டுலரி வூஸ்டர் பேராலயத்தில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதே நூற்றாண்டின் இறுதியில் ஹெமிங் என்ற துறவி, ஆயர் வுல்ஃப்ஸ்டன் கேட்டுக்கொண்டபடி இன்னொன்றை எழுதினார். டேனியரும் பிறகு நார்மானியரும் பறித்துக்கொண்ட நிலங்கள் எவை எவை என்று அவர் பதிவு செய்தார். இழந்ததை மறக்கக் கூடாது என்ற தவிப்பு அந்த ஏட்டில் வெளிப்படையாகவே தெரிகிறது.

13-ஆம் நூற்றாண்டில் அரசின் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. முதலாம் எட்வர்டு 1278 முதல் ‘எந்த அதிகாரத்தின் பேரில் இந்த உரிமையை வைத்திருக்கிறாய்’ என்று நிலவுடைமையாளர்களையும் தேவாலயங்களையும் கேட்டு விசாரணை நடத்தினார். 1279-இல் ‘மார்ட்மெயின்’ சட்டம் வந்தது. செத்த கை என்று அதற்குப் பொருள். தேவாலயம் என்ற அமைப்புக்குச் சாவு கிடையாது. வாரிசு மாறும்போது மேலாளுக்கு, அதாவது நிலத்தின் மேலுரிமை கொண்ட அரசருக்கோ பிரபுவுக்கோ, கிடைக்க வேண்டிய கட்டணம், தேவாலயத்துக்குப் போன நிலத்திலிருந்து என்றைக்கும் வராது. அதனால் இனி தேவாலயம் நிலம் பெற வேண்டுமானால் அரசரின் அனுமதி வேண்டும் என்ற நிலை உருவானது. அந்த அனுமதிப் பட்டயங்களும் கார்ட்டுலரிகளில் இடம்பெறத் தொடங்கின. எந்த நேரமும் ஆதாரத்தைக் காட்டத் தயாராக இருக்க வேண்டிய காலத்தில்தான் இந்த ஏடுகள் பெருகின.

ஏட்டின் அமைப்பைப் பார்த்தாலே அது எதற்காக எழுதப்பட்டது என்பது புரியும். பல ஏடுகளில் போப்பாண்டவர், அரசர் ஆகியோரின் ஆவணங்கள் முதலில் வரும். அப்புறம் ஊர்வாரியாக நிலப் பத்திரங்கள். தலைப்புகள் சிவப்பு மையில் இருக்கும். மூலத் தாளின் முதுகில் ஒரு குறியீடு எழுதி, அதையே ஏட்டிலும் குறித்து வைத்தவர்கள் உண்டு. வழக்கு வந்தால் ஏட்டைப் புரட்டி, குறியீட்டைப் பார்த்து, உரிய பெட்டியிலிருந்து மூலத்தை எடுக்கலாம். முத்திரையோடு கூடிய மூலத்துக்கு இருந்த மதிப்பு பிரதிக்கு இல்லை என்பதை எழுதியவர்களே அறிந்திருந்தார்கள்.

வரலாற்றாய்வாளருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனியார் பத்திரங்களில் பெரும்பாலும் தேதி இருக்காது. சாட்சிகள் யார், அவர்கள் எப்போது வாழ்ந்தார்கள் என்று பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். ஆனால் பிரதி எடுத்த எழுத்தர் பல நேரங்களில் சாட்சிப் பட்டியலை ‘இன்னார் முதலியோர்’ என்று சுருக்கிவிடுவார். அவருக்கு வேண்டியது நில விவரம் மட்டும். அந்த ஒரு சுருக்கத்தால் ஒரு கொடையின் காலம் நிரந்தரமாக மறைந்துபோனதும் உண்டு. ஊர்ப்பெயரைப் பிழையாக எழுதியவர்களும், இல்லாத பழைய பட்டயத்தை உருவாக்கிச் சேர்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே கார்ட்டுலரியை நம்பலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் சோதித்த பிறகே நம்ப வேண்டும். அதற்காக அதன் அருமை குறைந்துவிடாது. 956-இல் ஈட்விக் மன்னர் சவுத்வெல் நிலங்களை யார்க் பேராயர் ஆஸ்கிட்டலுக்குக் கொடுத்த பட்டயத்தின் வாசகம் இன்று நமக்குக் கிடைப்பதே யார்க் பேராலயத்தின் 14-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஏட்டால்தான்.

1540-களில் குருமார் மன்றங்களுக்கு முடிவு வந்தது. வார்விக் மன்றம் 1544-இல் எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1547-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைக் கலைத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், ஈட்டன், வின்செஸ்டர், விண்ட்சர் போன்றவை விதிவிலக்காகத் தப்பின. நிலங்கள் அரசுக்கும், அரசிடமிருந்து வாங்கியவர்களுக்கும் போயின. நிலம் வாங்கியவருக்கு ஆதாரம் வேண்டுமே, அதனால் பல கார்ட்டுலரிகளும் நிலத்தோடு கை மாறின. அப்படித்தான் பல ஏடுகள் அழியாமல் பிழைத்தன. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் காட்டன் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேகரித்தார்கள். வார்விக்ஷயரைச் சேர்ந்த வில்லியம் டக்டேல் அவற்றிலிருந்து ஏராளமான ஆவணங்களை அச்சில் கொண்டுவந்தார். காட்டனின் நூலகத்தில் 1731-இல் ஏற்பட்ட தீவிபத்தில் பல சுவடிகள் கருகின. நகல் ஏடுகளுக்கும் அந்த கதிதான்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஆவணம்’ என்பதில் தயக்கமே வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் நிலப் பத்திரம் பதிவாகும் இடத்துக்கு ஆவணக்களரி என்று பெயர். விடுபடும் கருத்து ‘பிரதி’ என்பதுதான். அதற்கும் நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை. முதியவராக வந்த இறைவன் திருவெண்ணெய்நல்லூர் அவையில் எடுத்துக் காட்டியது மூல ஓலை. மூலமும் படியும் வெவ்வேறு, அவையில் மூலமே செல்லும் என்ற அந்த வேறுபாடுதான் கார்ட்டுலரிக்கும் உயிர். செயல்முறையும் நமக்குப் புதிதல்ல. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டியபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்க ராஜராஜ சோழன் காலத்தில் ஆணை பிறந்தது. ராஜேந்திரன் காலத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆகவே கார்ட்டுலரிக்கு ‘ஆவணப் படியேடு’ என்பது என் பரிந்துரை. தொடர்ந்து வரும் கட்டுரைகளில் ‘படியேடு’ என்று சுருக்கியும் எழுதலாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத சொற்கள் சில உண்டு. டெரியர் என்பது லத்தீன் டெர்ரா, அதாவது நிலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. எந்த நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. அதற்கு நிலப் பதிவேடு போதும். ரென்டல் என்பது குடியானவர் ஒவ்வொருவரும் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. வாடகைக் கணக்கு என்று எழுதலாம். மூனிமென்ட் என்பது மூல உரிமை ஆவணங்களைக் குறிக்கும். அரண் கட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். ‘காப்பு ஆவணம்’ என்றால் அந்தப் பொருளும் உள்ளே வந்துவிடும். இவை மூன்றில் எதுவும் படியேடு ஆகாது.