ஆர்பன் பொதி: கேட்க நாதியில்லாத மென்பொருளுக்கு ஒரு சொல்

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு பொதியை (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருளை) பார்த்துக்கொண்டவர் 'இனி என்னால் முடியாது' என்று முறைப்படி அறிவித்துவிட்டால், அதை 'ஆர்பன்' என்கிறார்கள். பராமரிப்பவர் பெயர் இருந்த இடத்தில் டெபியனின் தரக் குழுவின் பெயர் ஏறும். வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அது 'அடாப்ட்', தத்தெடுப்பு. ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில், பயனர்களே பொதிகளைச் சேர்க்கும் பயனர் களஞ்சியத்திலும் இதே பேச்சுதான்.

'ஆர்பன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், கிரேக்க 'ஒர்ஃபனொஸ்': இழந்தவர், பெற்றோரில்லாப் பிள்ளை. ஜெர்மனில் வாரிசைக் குறிக்கும் 'எர்ப', ரோபோவுக்குப் பெயர் தந்த செக் மொழியின் 'ரொபோட்டா' இரண்டும் தொலைவில் இதற்கு உறவு. வாரிசுக்கும் அநாதைக்கும் ஒரே வேர் என்பது பொதிகளைப் பார்க்கும்போது எனக்குச் சரியாகவே படுகிறது.

இந்தச் சொல் அடிபட்ட ஒரு காலம், பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2 விடைபெற்ற காலம். பைத்தான் 3 வந்தது 2008இல். பழையதற்கு 2015 வரை என்றிருந்த ஆதரவை நீட்டித்து, 2020 ஜனவரி 1இல் நிறுத்தினார்கள். அவ்வளவு அவகாசம் இருந்தும் பல பொதிகள் நகரவில்லை, நகர்த்த ஆளில்லை. வேலையும் லேசானதில்லை. யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமித்த கோப்பில் 'தமிழ்' என்று சும்மா மேற்கோளில் எழுதி நீளம் கேளுங்கள். பைத்தான் 2 பைட்டுகளை எண்ணி 15 என்னும். பைத்தான் 3, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என எண்ணி 5 என்னும். 7ஐ 2ஆல் வகுத்தால் முன்னதில் 3, பின்னதில் 3.5. இங்கெல்லாம் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறிப்போகும். நிரலை அறிந்த ஒருவர் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காதவற்றை டெபியனிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் பைத்தான் 2.7 இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அநாதை' மனிதரைச் சுடும் சொல், பொதிக்கு வேண்டாம். 'கைவிடப்பட்ட' என்றால், பல ஆண்டு சம்பளமில்லாமல் உழைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டு விலகியவர் மேல் பழி விழுகிறது. 'ஆளில்லாப் பொதி' நல்ல சொல்தான். ஆனால் 'ஆளில்லா விமானம்' பழகிய காதுக்குத் தானாக இயங்குவது என்று கேட்கும். பேச்சில் 'நாதியற்ற பொதி' அச்சாகப் பொருந்தும். நிரலில் வழு, அதாவது பிழை, என்று எழுதிப் போட்டால் கேட்க நாதியில்லை என்பதுதானே நிலைமை. ஆவணத்தில் 'பேணுநரற்ற பொதி' என்றே எழுதுவேன். 'பேணு' என்பதில் காப்பாற்றுவதும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. தத்தெடுப்புக்கு 'ஏற்பு' போதும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பேணுநரற்றது வேறு, நீக்கப்பட்டது வேறு. முதலாவது இன்னும் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. 'பேணுநரற்றது, ஏற்பவர் வரலாம்' என்று பட்டியலில் எழுதினால் இரண்டும் குழம்பாது.