‘செமி’ என்று சொல்லித் தருகிற கிடாரை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்

கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலை. பட்டறையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். தோளில் கிடார் பையோடு ஒரு தம்பி வந்து நின்றான். கல்லூரியில் இரண்டாம் வருடம், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவன்.

“அண்ணே, ஜி கார்டு அடிச்சாலே ‘ஊம்ம்’னு உறுமிருதுண்ணே. மைக்செட்காரரு என்னையவே முறைக்கிறாரு. கடையில செமின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. செமின்னா மேடையில தொந்தரவு இருக்காதுன்னாங்க.”

பையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது சாதாரண அக்கூஸ்டிக் கிடார். பெரிய வயிறு, நடுவில் வட்டத் துளை, விலாவில் வால்யூம், பேஸ், டிரெபிள் குமிழ்கள் வைத்த, சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஒரு பிரீஆம்ப். கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். நம்மூரில் பிக்கப், அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற கருவி, வைத்த அக்கூஸ்டிக் கிடாரை ‘செமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கிடார் செய்கிறவர்கள் ‘செமி’ என்றால் அது வேறு கிடார். இது இரண்டும் இல்லாமல், உடம்பைக் குடைந்து அறை விட்ட ‘சேம்பர்டு’ கிடார் என்று மூன்றாவது ஒன்றும் இப்போது கடைகளில் தொங்குகிறது. இந்தப் பெயர்க் குழப்பத்தில் காசு போட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த உறுமலுக்கு வருவோம். மானாமதுரை கடம் தெரியும் இல்லையா? கடம் வாசிப்பவர் பானையின் வாயைத் தன் வயிற்றோடு ஒட்டுவார், விலக்குவார். பானை அதேதான், தட்டுகிற விரலும் அதேதான், ஆனால் ‘கும்’ என்ற அந்த அடிநாதம் மட்டும் மாறும். பானைக்குள் அடைபட்ட காற்று வாய் வழியாக மூச்சு விடுகிறது, அந்த மூச்சுக்கு என்று ஒரு சுருதி இருக்கிறது. அக்கூஸ்டிக் கிடாரின் வயிறும் அப்படித்தான். பெரும்பாலான கிடார்களில் உள்காற்றின் சுருதி நொடிக்கு 100 அதிர்வு வாக்கில் விழும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வருகிற ஜி எவ்வளவு தெரியுமா? 98. தம்பி ஜி கார்டு பிடித்த நேரமெல்லாம், உள்ளே இருந்த காற்றை அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

வீட்டில் அது சுகம். அடிக்கட்டை நாதம் கனமாக வரும். மேடையில் வாசிக்கிறவருக்கே கேட்பதற்காக வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் காலடியில் முகத்தைப் பார்த்து நிற்கும். ஸ்பீக்கர் சத்தம் கிடாரின் மேல்பலகையில் மோதும். அந்தப் பலகை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனம்தான். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுப்பதை உள்ளே ஒட்டிய சட்டங்களின் பலத்தில் தாங்கிக்கொண்டு, லேசாக அதிர வேண்டும் என்றே செய்த பலகை அது. அதிர்ந்ததைப் பிக்கப் எடுத்துக் கொடுக்க, ஆம்ப் பெருக்க, ஸ்பீக்கர் திரும்பத் துப்ப, பலகை இன்னும் அதிர... மைக்செட்காரர் முறைக்காமல் என்ன செய்வார்.

இது இன்று நேற்று வந்த வம்பு இல்லை. கிப்சன் கம்பெனி 1936-ல் ‘ஈஎஸ்-150’ என்று பிக்கப் வைத்த கிடாரை விற்பனைக்கு விட்டது. உள்ளே முழுக்க வெற்றிடம். வால்யூமைக் கூட்டினால் கூவும். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர் 1940 வாக்கில் ஒரு காரியம் செய்தார். நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றை எடுத்து, அதில் கழுத்தையும் பிக்கப்பையும் மாட்டினார். கிடார் மாதிரித் தெரிய வேண்டுமே என்று வேறொரு கிடாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டவைத்தார். அதற்குக் ‘கட்டை’ என்றே பெயர். 1950-ல் லியோ ஃபெண்டர் கட்டை உடம்புக் கிடாரைத் தொழிற்சாலையில் செய்து விற்க ஆரம்பித்தார். 1952-ல் லெஸ் பாலின் பெயரிலேயே கிப்சனும் இறங்கியது.

கட்டை உடம்பு என்றால் நாலரை சென்டிமீட்டர் கனத்தில் திண்ணென்று ஒரு பலகை, அவ்வளவுதான். அடைபட்ட காற்று கிடையாது, மூச்சும் கிடையாது. கம்பியின் சக்தியை உடம்பு உறிஞ்சிக்கொள்ளாது என்பதால் ஒரு முறை மீட்டினால் நாதம் நீண்டு நிற்கும். வயரைப் பிடுங்கிவிட்டால் கொசு ரீங்காரம்தான். காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் இதன் பிக்கப், அதற்கு எஃகுக் கம்பி வேண்டும். நைலான் கம்பியைப் போட்டுவிட்டு “சத்தமே வரலை சார்” என்று வந்தவர்களும் உண்டு. கோயில் கச்சேரியில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து கம்பி போட்ட மின் மாண்டலினில் அவர் இழுத்த கமகத்துக்கு அந்த நீண்ட நாதம் கை கொடுத்தது.

நிஜமான ‘செமி’ 1958-ல் வந்தது. கிப்சன் ஈஎஸ்-335. பக்கப்பலகை வளைத்து, மேலும் கீழும் பலகை ஒட்டி, இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவத் துளை வெட்டிய கூடு அது. நடுவில் மட்டும் கழுத்திலிருந்து வால் வரை ஒரு மேப்பிள் கட்டை ஓடும். லெஸ் பால் வெளியே தெரிய ஒட்டிய சிறகுகளை இவர்கள் ஒழுங்காகச் செய்து, கட்டையை உள்ளே மறைத்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன்.

குடைந்த கிடார் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்து வருகிறது. கூடு கட்டி உள்ளே கட்டை வைப்பதில்லை. முழுக் கட்டையை எடுத்து, ரூட்டர் மிஷினால் உள்ளே அறை அறையாகக் குடைந்து, மேலே பலகை மூடி ஒட்டுவது. ஏகாண்ட வீணை கேள்விப்பட்டிருப்பீர்கள். குடம், தண்டி எல்லாம் ஒரே பலாமரத்தில் குடைந்து எடுப்பார்கள். இங்கே குடம் ஒரு சாண் ஆழம் போகாது, அதுதான் வித்தியாசம். நாலைந்து சென்டிமீட்டர் கனத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். சுவர் கனம், அறை சிறிது. அதனால் உள்காற்றின் வேலை குறைந்துபோகிறது, பலகையும் முழு அக்கூஸ்டிக் அளவுக்குத் துள்ளுவதில்லை. கூவவே கூவாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூவுவதற்கு இன்னும் நிறைய வால்யூம் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு குழப்பம். ‘சேம்பர்டு’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே நோக்கத்துக்காகக் குடைந்தது இல்லை. தோள்பட்டை வலிக்குப் பயந்து எடையைக் குறைக்க மட்டும் குடைவது ஒரு வகை. 2006 முதல் சில வருடம் கிப்சன் தன் லெஸ் பால் கிடார்களையே அப்படிக் குடைந்தது. மேலே கனமான மேப்பிள் மூடி, உள்ளே காந்தப் பிக்கப், கேட்பவருக்கு அது எலக்ட்ரிக் கிடார்தான். இன்னொரு வகை, அக்கூஸ்டிக் நாதத்தை மேடைக்குக் கொண்டுபோவதற்காகவே குடைவது. 1982-ல் செட் அட்கின்ஸ் பெயரில் கிப்சன் விட்ட நைலான் கம்பிக் கிடார், கனடாக்காரர்களான கோடினின் ‘மல்டியாக்’, 2019-ல் வந்த ஃபெண்டர் ‘அக்கூஸ்டாசோனிக்’ எல்லாம் இந்தக் குடும்பம். மேலே மெல்லிய ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் பலகை, பிரிட்ஜில் கம்பிகள் உட்கார்கிற சேடில் பட்டைக்கு அடியில் பீசோ பிக்கப்.

பீசோ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், வாங்கினவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பீசோ என்பது அழுத்தினால் மின்சாரம் தருகிற பொருள். கம்பி சேடிலை அமுக்குகிற அழுத்தத்தைத்தான் அது படிக்கிறது. எஃகு, நைலான் எதுவானாலும் அதற்குச் சரி. ஆனால் அறைக்குள் காற்றில் பரவி நம் காதுக்கு வருகிற நாதத்தை அது பார்ப்பதே இல்லை. அதனால் அழுத்தி மீட்டினால் ‘டக்கு டக்கு’ என்று பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். விலை உயர்ந்த குடைந்த கிடார்களில் இதைச் சரிக்கட்ட, நல்ல அக்கூஸ்டிக் கிடாரை மைக் வைத்து எடுத்த நாதத்தை டிஜிட்டலாக உள்ளே கலக்கிறார்கள். அக்கூஸ்டாசோனிக்கில் ஃபிஷ்மேன் கம்பெனியின் உதவியோடு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விலை குறைந்தவற்றில் அது இருக்காது. மிக்ஸரில் பேஸைத் திருகி ஒப்பேற்ற வேண்டியதுதான்.

ஒரு கம்பி மட்டும் மெலிதாகக் கேட்கிறது என்று வருகிற பத்து பீசோ கிடாரில் பாதிக்கு மேல் பிக்கப் கெட்டிருக்காது. சேடிலின் அடிப்பாகம் சமமாக இருக்காது. அதைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து நாலு இழுப்பு இழுத்துத் திரும்ப மாட்டினால் ஆறு கம்பியும் சரியாகப் பேசும். பிக்கப் மாற்ற வேண்டும் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால், முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

காந்தமும் பீசோவும் இரண்டும் வைத்த குடைந்த கிடாரும் உண்டு. அதில் கம்பி மாற்றும்போது கவனம். பாஸ்பர் பிரான்ஸ் என்கிற வெண்கல வகைக் கம்பியின் மேல்சுற்று காந்தத்துக்கு ஒட்டாது, உள்ளே ஓடும் எஃகு மட்டுமே காந்தப் பிக்கப்புக்குத் தெரியும். பேஸ் கம்பிகள் மங்கிப்போகும். அந்தக் கிடாரோடு வந்த கம்பி எந்த ரகமோ, அதையே போடுவது நல்லது.

சரி, கடையில் நிற்கிறீர்கள். மேலே மினுமினு பாலிஷ், உள்ளே என்ன என்று எப்படித் தெரியும்? விரல் முட்டியால் தட்டுங்கள். பலாப்பழம் வாங்கும்போது தட்டுகிறோமே, அப்படி. கட்டை உடம்பு எங்கே தட்டினாலும் ‘டொக்’. அக்கூஸ்டிக் எங்கே தட்டினாலும் ‘தொம்’. குடைந்த கிடாரில் இரண்டும் மாறி மாறி வரும். பிரிட்ஜ் பக்கம் ‘டொக்’ என்று வந்த சத்தம் ஓரத்துக்குப் போகப் போக ‘தொப்’ என்று திறக்கும். தட்டிக்கொண்டே போனால் அறை எங்கே முடிகிறது என்று விரலால் வரைபடமே போடலாம். அப்புறம் எடை. கட்டை உடம்பு மூன்றரை, நாலு கிலோ வரும். அக்கூஸ்டிக் இரண்டு கிலோ வாக்கில். குடைந்தது நடுவில் எங்காவது நிற்கும். கடைசியாக, வயரே செருகாமல் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. கடைக்காரர் முதல் வேலையாக ஆம்பில் செருகிக் கொடுத்துவிடுவார்.

வயர் இல்லாத குடைந்த கிடார், ராத்திரி தனியாகப் பழக நன்றாகவே கேட்கும். பக்கத்தில் ஒருவர் பாட ஆரம்பித்தால் காணாமல் போய்விடும். அக்கூஸ்டிக் என்று நம்பி வாங்கி, வீட்டு விசேஷத்தில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து வாசித்து அசடு வழிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதே மனிதர் சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று அதே கிடாரை வாசித்தார். ஒரு சத்தம் கூவவில்லை. மண்டபம், திருவிழா மேடை, டிரம்ஸ், கீபோர்டு என்று வாரம் இரண்டு நிகழ்ச்சி இருப்பவர்களுக்குக் குடைந்தது கொடுத்த காசுக்கு உழைக்கும். மாதம் ஒரு நாள் மேடை, மீதி நாள் வீடு என்பவர்களுக்கு அது வேண்டாத செலவு என்பது என் கருத்து.

மதுரை வெயிலுக்கு எது தாங்கும் என்றும் கேட்கிறார்கள். மெல்லிய முழுமரப் பலகை போட்ட அக்கூஸ்டிக்தான் முதலில் அழும். சித்திரை, வைகாசியில் காற்று காய்ந்து பலகை சுருங்கி வெடிக்கும், ஐப்பசி அடைமழையில் ஊதும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் கழன்று வரும். அப்படி வந்ததை ஒவ்வொரு கோடையிலும் ஒட்டுகிறேன். குடைந்ததும் கட்டையும் இதில் கெட்டி. ஆனாலும் டிக்கி வேண்டாம்.

பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன். பிரீஆம்ப் உள்ள பெரும்பாலான கிடார்களில் ஜாக்கில் வயரைச் செருகுவதே சுவிட்ச். வாசித்து முடித்துச் செருகினபடியே சாய்த்து வைத்துவிட்டால், 9 வோல்ட் பேட்டரி ராத்திரி முழுக்க வீணாகக் கரைந்துகொண்டே இருக்கும். பிக்கப் ரிப்பேர் என்று வந்தவற்றை வெறும் பேட்டரி மாற்றி அனுப்பியிருக்கிறேன், டீக்காசு கூட வாங்காமல்.

தம்பி கதைக்கு வருகிறேன். பட்டறையில் ஒரு குடைந்த கிடார் கம்பி மாற்ற வந்திருந்தது. அதைக் கையில் கொடுத்தேன். கண் விரிந்தது. வயர் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். வீதியில் ஷேர் ஆட்டோ போகிற சத்தத்தில் எதிரே நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. வாசித்து முடித்து மெதுவாகக் கீழே வைத்தான்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா சாயங்காலம் அம்மா அடுப்படியில இருந்துகிட்டே பாடும். நான் முன்ரூம்ல வாசிப்பேன். இது அங்க வரைக்கும் போகாதுல்ல?”

“போகாதுப்பா.”

அவன் கிடாரின் துளைக்கு அளவெடுத்து ஒரு ரப்பர் மூடி வெட்டிக் கொடுத்தேன். கடத்தின் வாயை வயிற்றில் வைத்து மூடுகிற அதே வேலை. மேடையில் மாட்டு, வீட்டில் கழற்றிவிடு, மானிட்டருக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நில், பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே வை என்றேன். அங்கேயே என் ஆம்பில் செருகி ஜி கார்டை ஓங்கி அடித்துப் பார்த்தான்.