ரத்தம் உறைய எத்தனை விநாடி?

அரூர், பென்னாகரம் பக்கம் காட்டோரம் இருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அப்போதைக்கு நிம்மதி. தண்ணீராக ஓடினால், கடித்தது கண்ணாடி விரியனாக இருக்கலாம், விஷமுறிவு மருந்து உடனே வேண்டும்.

அந்தக் குழாய் கண்ணாடியாகவே இருக்கவேண்டும். கண்ணாடியில் பட்டதும் ரத்தத்திலுள்ள 12ஆம் காரணி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது 11ஐ எழுப்ப, 11 போய் 9ஐ எழுப்ப, கடைசியில் ஃபைப்ரின் நூல்கள் வலைபின்னி ரத்தம் கட்டியாகிறது. பிளாஸ்டிக்கில் இந்த எழுப்புதல் மந்தம்.

மாரடைப்பு நோயாளியின் கட்டிலருகே நடப்பதும் இதே வித்தைதான். அடைப்பு பெருகாமலிருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்றுகிறார்கள். பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் மருந்து இது. குறைந்தால் மறுபடி அடைப்பு, கூடினால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு. ஒரே அளவு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும் என்பதால் அளந்து அளந்துதான் கொடுக்கவேண்டும்.

இதயக் குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் கேத் லேபில் அளப்பது ஏசிடி (ACT) என்ற சோதனை. 1966இல் ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவர் விவரித்த முறை. குழாயில் கண்ணாடிக்குப் பதில் கயோலின் போன்ற களிமண் தூள். அதில் முழு ரத்தத்தை விட்டால், உறையும் விநாடியைக் கருவி எண்ணிச் சொல்லிவிடும். சில நிமிடங்களில் முடிவு கையில்.

ரத்தப் பரிசோதனை லேபில் செய்வது ஏபிடிடி (aPTT) என்ற இன்னொரு சோதனை. நீல மூடி டியூபில் உள்ள சிட்ரேட், ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையவிடாமல் தடுக்கும். பிறகு சுழற்றி, செல்களை ஒதுக்கி, பிளாஸ்மா என்ற திரவத்தை மட்டும் எடுத்து, 12ஆம் காரணியை எழுப்பும் பொருளைச் சேர்த்து, கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்து விநாடியை எண்ணுவார்கள். இயல்பாக 25 முதல் 35 விநாடி. ஹெப்பாரின் ஓடும்போது அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை இருக்கட்டும் என்பது பழைய கணக்கு.

அப்படியானால் எங்கும் ஏசிடியே போதாதா? போதாது. வார்டில் கொடுக்கும் சிறிய அளவுக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. பைபாஸ் அறுவையிலோ கதை தலைகீழ்: அங்கே கொடுக்கும் பெரிய அளவு ஹெப்பாரினில் ஏபிடிடி பிளாஸ்மா உறையவே உறையாது, அங்கே ஏசிடிதான், அதுவும் 480 விநாடியைத் தாண்டவேண்டும் என்று பல குழுக்கள் காத்திருக்கும். ஆனால் உடம்பைக் குளிர்வித்து, ரத்தம் நீர்த்துப்போயிருக்கும் நேரம் அது. இவையும் ஏசிடியை நீட்டும். அந்த எண் முழுக்க ஹெப்பாரினின் கணக்கல்ல.

லேப் எண்ணும் வேதவாக்கல்ல. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது டியூபின் கணக்கு. அவசரத்தில் பாதி டியூப் நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சி, விநாடி பொய்யாக நீளும். ஹெப்பாரின் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தாலும் அப்படித்தான்.

இதைவிடப் பொல்லாதது தாமதம். டெங்கு புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிளேட்லெட், டியூபுக்குள்ளும் சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து கசியும் ஒரு புரதம் ஹெப்பாரினை முடக்குகிறது. அதனால் ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடவேண்டும். தருமபுரியில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றாமல் அப்படியே சேலத்து லேபுக்கு அனுப்பினால், வண்டி தொப்பூர் கணவாய் இறங்கும்போதே அந்த வேலை தொடங்கியிருக்கும். லேப் சொல்லும் விநாடி குறைவாக வரும். அதை நம்பி இங்கே ஹெப்பாரினைக் கூட்டுவார்கள்.