பூனை வராத நாட்களையும் எண்ணுங்கள்

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால், ஆச்சி முகப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார். பொறியியல் படித்த நானும் உட்காருகிறேன். ஏன்?"

அடுத்தடுத்து நடப்பவற்றைக் காரணம், விளைவு என்று முடிச்சுப் போடுவது மூளையின் இயல்பு. 1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த 8 புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் சீரான இடைவெளியில் இரை வைத்தார். 6 புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று தலையை மேல்மூலையில் நீட்டியது. இரை வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததே சடங்காக நிலைத்தது என்பது அவர் விளக்கம். (அதை 1971இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் என்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அந்த விவாதம் தனி.)

மனிதரிடம் நம்பிக்கை நிலைப்பது கணக்கில் விழும் ஓட்டையால். நான்கு கட்டம் போடுங்கள்: பூனை வந்து காரியம் கெட்டது, வந்தும் கெடவில்லை, வராமலே கெட்டது, வரவுமில்லை கெடவுமில்லை. 100 நாளில் 20 நாள் பூனை வந்து, அதில் 4 நாள் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். வராத 80 நாளில் 16 நாள் கெட்டது. இரண்டிலும் ஐந்தில் ஒன்றுதான்; பூனைக்குப் பங்கே இல்லை. ஆனால் நினைவில் நிற்பது அந்த 4 நாள் மட்டும். மற்ற மூன்று கட்டங்களில் சொல்லிக்கொள்ள ஒரு சம்பவமும் இல்லை.

இதைவிட நுட்பமானது பரிகாரம். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறீர்கள், ஒன்றும் ஆகவில்லை. பரிகாரம் பலித்ததாக மனம் எழுதிக்கொள்கிறது. உட்காராமல் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் காட்டும் கட்டம் காலியாகவே கிடக்கிறது. உட்கார்ந்ததும் பதற்றம் தணிகிறதே, அந்த நிம்மதியே அடுத்த முறையும் உட்காரவைக்கும் கூலி. பொறியியல் பட்டம் இந்தக் கூலியைக் குறைக்காது.

மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் தந்த அழகப்பச் செட்டியாரின் ஊர் காரைக்குடி. மனம் இப்படிக் கணக்குப் போடுவதை ஆராயவும் அங்கே ஒருவர் பணம் தர வேண்டும் என்பது என் ஆசை.

நீங்களே சோதிக்கலாம். 'கெட்டது' என்றால் என்ன என்று முதலிலேயே எழுதிவையுங்கள்: பேருந்து தவறுவது, போன வேலை முடியாமல் திரும்புவது. பிறகு சேர்த்தால் சட்டையில் சிந்திய காப்பியும் பூனைக் கணக்கில் ஏறிவிடும். பூனை வந்தால் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் உட்காருங்கள், பூ விழுந்தால் நேரே கிளம்புங்கள். தினமும் இரவில் குறியுங்கள், பூனை வராத நாளிலும். ஐந்தாறு பூனை நாட்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்துக்கு ஒரு நாள் காரியம் கெடும் ஒருவருக்கு, எந்த ஐந்து நாளை எடுத்தாலும் இரண்டோ அதற்கு மேலோ கெட்டிருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.