ஒரு பலகை, ஆறு கம்பி

1940 வாக்கில் நியூயார்க்கில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர், நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கழுத்தைப் பொருத்தி, கம்பி கட்டி, அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் வைத்து வாசித்தார். சத்தத்தில் குறையில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. அப்புறம் ஒரு கிட்டாரை நீளவாக்கில் அறுத்து, கட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டார். வெறும் அலங்காரம்தான்.

சாதாரணக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பெரிதாக்குவது மரப்பெட்டி. எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலை பிக்அப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும். பிக்அப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. நைலான் கம்பி கட்டினால் பிக்அப்புக்கு ஒன்றும் கேட்காது. உள்ளீடற்ற பெட்டியோ, ஸ்பீக்கர் சத்தத்தில் தானும் அதிர்ந்து ஊளையிடும். அதனால்தான் கெட்டிப் பலகை.

எந்த மரம் என்று கிட்டார்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நன்றாகக் காய்ந்திருந்தால் போதும் என்பது என் கட்சி.

வீட்டில் செய்ய ஏற்றது, கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டெலிகாஸ்டர் பாணி. சுமார் 45 மி.மீ. கனமுள்ள தட்டைப் பலகை, நாலு திருகில் நிற்கும் கழுத்து, அவ்வளவுதான். வடிவத்தை ஜிக்ஸாவில் அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிடலாம். ஓரம் இரண்டு மி.மீ. கோணினாலும் காதுக்குத் தெரியாது.

கழுத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு ஃபிரெட்டும், அதாவது கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டையும், மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்த தூரத்தில் வரவேண்டும். கம்பி நீளம் 648 மி.மீ. என்றால் கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தொடங்கும் இடத்திலிருந்து முதல் ஃபிரெட் 36.37-இல், இரண்டாவது அதிலிருந்து 34.33-இல். பன்னிரண்டாவது சரிபாதியில், 324-இல். முதல் முறை செய்பவர் கழுத்தைக் கடையில் வாங்கிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கழுத்து உட்காரும் பள்ளம்தான் உண்மையான தச்சுவேலை. ஆழம் சுமார் 16 மி.மீ. டிரில் பிட்டில் அந்த அளவுக்கு டேப் ஒட்டி, வரிசையாகத் துளை போட்டு, மீதியைக் கூரான உளியால் எடுக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளேயே நின்று, கழுத்தை வைத்து வைத்துப் பார்த்து, சீவல் சீவலாகக் கழிக்க வேண்டும். திருகு போடாமலே கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் பலகை கூடவே வரவேண்டும். ஆடினால், ஆறு கம்பியின் சுமார் 45 கிலோ இழுவை அதை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டிலிருந்து இன்னொரு 324-இல் குறிக்கலாம். ஆனால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்ட சேடில்கள், அதாவது பிரிட்ஜில் கம்பி உட்காரும் நகரும் துண்டுகள், ஓரிரு மி.மீ. பின்னால் போக இடம் விடுங்கள். தடித்த கம்பிக்கு இன்னும் சற்று அதிகம். பிரிட்ஜைத் திருகுவதற்கு முன்பே, அதன் அடியிலிருந்து வால்யூம் குமிழ் உட்காரும் பள்ளத்துக்குச் சாய்வாக ஒரு துளை போட்டு எர்த் வயரை இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப் இரைந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.