கிளப் ஆட்டம் மேடையேறும்போது காலும் காதும் படும் பாடு

ஒரே தாளத்தில் இடிக்கும் மின்னணு இசையான டெக்னோவும் விடிய விடிய நீளும் கிளப் ஆட்டமும் ஐரோப்பாவின் சமகால நடன மேடைகளில் நன்றாகவே கால் ஊன்றிவிட்டன. பிரான்ஸில் நடன இயக்குநர் ஜிசெல் வியென் 2017-இல் உருவாக்கிய 'க்ரௌட்' படைப்பில், 15 பேர் மண் பரப்பிய மேடையில் ஒரு ரேவ் பார்ட்டியை, அதாவது டெக்னோவுக்கு இரவெல்லாம் ஆடும் கூட்டத்தை, பெரும்பாலும் ஸ்லோ மோஷனில் ஆடுகிறார்கள். அதே ஆண்டில் 'லா ஹோர்ட்' என்ற பிரெஞ்சுக் குழுவினர் ஜம்ப்ஸ்டைல் என்ற துள்ளாட்டத்தை 'டு டா போன்' மூலம் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2019-இல் மார்செய் தேசிய பாலே என்ற நடனக் குழுவின் பொறுப்பையே ஏற்றார்கள். இஸ்ரேலிய நடன இயக்குநர் ஷரோன் எயாலோடு சேர்ந்து படைக்கும் காய் பெஹார், டெல் அவிவில் டெக்னோ பார்ட்டிகளை நடத்தியவர். அவர்களுடைய ஆட்டக்காரர்கள் குதிகாலைத் தரையில் வைப்பதே அபூர்வம்.

இவ்வகை நடனம் ஆடுபவர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். கிளப்பில் ஆடுகிறவருக்கும் மேடையில் கிளப்பை ஆடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கிளப்பில் கால் வலித்தால் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், வெளியே போய் நிற்கலாம். மேடையில் அது நடக்காது. தன்னை மறந்து ஆடுவது போல் தெரிகிற ஒவ்வொரு அசைவும் எண்ணி வைத்த கணக்கு. அதே கணக்கு மறுநாள் மாலையும் உண்டு, பகலில் ஒத்திகையும் உண்டு.

நிமிடத்துக்கு 130 பீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 7,800 பீட். பீட்டுக்கு ஒரு அடி என்றால் ஒவ்வொரு காலும் 3,900 முறை தரையைத் தொடுகிறது. எப்போதும் அதே கோணம், அதே தசை. பாலேயிலும் குதிப்பார்கள்தான், ஆனால் அங்கே அசைவுகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும்போதுதான் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கணுக்காலுக்குக் கீழே உள்ள சின்ன எலும்புகளும் பழுதடைகின்றன. ஸ்லோ மோஷன் என்றால் லேசு என்றும் நினைக்க வேண்டாம். பாதி குனிந்த உடம்பை மெதுவாக, நடுங்காமல் இறக்குவதற்குத் தொடையும் இடுப்பும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆட்டக்காரர்கள் ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய பகுதியின் அழற்சி; சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில், விரல்நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், படுத்திருக்கும்போதும் விண்விண் என்று தெறித்தால், அது எலும்பில் விழத் தொடங்கிய விரிசலாக இருக்கலாம். அன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி மறுபடி மேடையேறியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போதிய சாப்பாடு இல்லாத உடம்பில் எலும்பு பலவீனமாகிவிடும்.

தரையையும் கவனியுங்கள். கறுப்பு வினைல் விரிப்பைப் போட்டுவிட்டால் எல்லா மேடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடியில் அதிர்வைத் தாங்கும் மரச்சட்டம் இருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா என்பதை விரிப்பு சொல்லாது. பழைய கிடங்குகளில் நிகழ்ச்சி வைக்கும்போது இதை முன்கூட்டியே கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம் காது. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். நிகழ்ச்சி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒத்திகையோ நாள் முழுக்க. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி வேலையிடத்தில் 8 மணி நேர வேலைநாளின் சராசரி ஒலி 85 டெசிபலை எட்டினால் தொழிலாளி காதுப் பாதுகாப்பு அணிந்திருக்க வேண்டும், அதற்கு முதலாளி பொறுப்பு. ஆட்டக்காரரும் தொழிலாளிதான். பிரான்ஸில் சத்தமான இசை நிகழ்ச்சிகளில் பார்வையாளருக்கு இலவசமாக இயர்பிளக் தருகிறார்கள்; ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி ஆடுகிறவர் காதில் ஒன்றும் இல்லை என்றால் அது அநியாயம். பஞ்சு இயர்பிளக் வைத்தால் இசையே மங்கிவிடுகிறது என்பார்கள், உண்மைதான். இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வைத்தவற்றை வாங்கிக் கொடுங்கள். எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அடிதாளம் எப்படியும் தரை வழியாகக் காலில் ஏறும். அசைவுகளைப் பழகும் நாட்களில் முழுச் சத்தம் தேவையே இல்லை.

விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைப் பற்றிச் சுருக்கமாக: வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 3 சதவீதம் பேருக்கு மினுக்கும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். நொடிக்கு 3 முதல் 30 வரையிலான மினுக்கல்களே பெரும்பாலும் காரணம். எச்சரிக்கையை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே போட வேண்டும். அரங்க வாசலில் ஒட்டினால் வந்தவர் திரும்பிப் போக மனம் வராது.

இவ்வளவு சொன்னாலும், குழு நடனத்தில் வலியை மறைப்பதுதான் பெரிய சிக்கல். ஒருவர் விலகினால் மற்ற பதினான்கு பேரின் இடமும் கணக்கும் குலையும் என்று தெரிந்தவர் வாயே திறக்க மாட்டார், மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவார். ஆகவே நடன இயக்குநர்களிடம் நான் முதலில் கேட்பது உடற்பயிற்சி அட்டவணையை அல்ல. ஒருவர் குறைந்தால் ஆடக்கூடிய வடிவம் ஒன்றையும், இருவர் குறைந்தால் ஆடக்கூடிய வடிவம் ஒன்றையும் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே ஒத்திகை பார்த்து வையுங்கள் என்கிறேன். அதைச் செய்த குழுக்களில் வலி வந்தவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்துவிடுகிறார்கள்.