ரெண்டு அங்குல ஸ்னோ தானே எண்டு சொல்லாதீங்கோ

குளிர் நாட்டில பிள்ளையளிட்டப் போய் நிண்டு, ஸ்னோ தள்ளி நெஞ்சு வருத்தத்தோட என்னட்ட வாறதில இந்த வருஷம் இது மூண்டாவது ஆள், அதால இண்டைக்கு எழுதியே ஆகோணும். போன கிழமை திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு ஐயா வந்தவர், 68 வயசு, பிரஷரும் சீனியும் கனகாலமா இருக்கு. கனடாவில, ஸ்காபரோவில மகன்ட வீட்டில நாலு மாசம் நிண்டுட்டு வந்தவராம், இப்ப படியேறினா இளைக்குதாம். ஈசிஜி எடுத்தா பழைய அட்டாக் வந்துபோன தடம் அப்பிடியே கிடக்கு. எப்ப நெஞ்சு நொந்தது எண்டு கேக்க ஒண்டுமில்ல எண்டார், கூட வந்த அம்மா தான் சொன்னா. தை மாசத்தில ஒருநாள் விடிய, மகன் வேலைக்குப் போக முதல் காரை எடுக்க வழி பண்ணுவம் எண்டு இவர் எழும்பி ஸ்னோ தள்ளினவராம், உள்ள வந்து கதிரையில இருந்து தாடையைத் தடவிக்கொண்டே இருந்தவராம், பிறகு வாய்வு எண்டு இஞ்சியும் உள்ளியும் அவிச்சுக் குடிச்சிட்டுப் படுத்திட்டாராம். பிள்ளையளுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல.

மூண்டு பேரும் சொன்னது ஒரே கதை, "பெரிசாக் கொட்டேல்ல டொக்டர், பஞ்சு மாதிரிக் கிடந்தது." பஞ்சு இல்ல ஐயா! கணக்குப் பாருங்கோ. கார் நிக்கிற இடம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஸ்னோ 5 சென்ரிமீட்டர் எண்டா ரெண்டரை கியூபிக் மீட்டர். புது ஸ்னோ ஒரு கியூபிக் மீட்டர் 100 கிலோ எண்டு பாத்தாலும் மொத்தம் 250 கிலோ, 50 கிலோ அரிசி மூட்டை அஞ்சு. ஈரமா இருந்தா இன்னும் பாரம், ரோட்டு வழிக்கிற மெஷின் வாசல்ல தள்ளிவிட்டுட்டுப் போற கட்டியை நான் இதில சேர்க்கவே இல்ல. 1995ல அமெரிக்காவில சுகதேகியான ஆம்பிளையளை ஈர ஸ்னோ தள்ள விட்டுப் பாத்தவை, ரெண்டு நிமிஷத்திலேயே இதயத்துடிப்பு பாதுகாப்பான அளவைத் தாண்டிட்டுது.

"நான் வயல்ல மண்வெட்டி பிடிச்ச ஆள்" எண்டும் சொல்லுவினம். அது 30 வருஷத்துக்கு முதல், இங்கத்தை சூட்டில. இங்க வெயில் ஏறினா உடம்பே போதும் எண்டு நிப்பாட்டிப்போடும், அங்க குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி பிரஷரை ஏத்தேக்க, நீங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஸ்னோ அள்ளுற சவலை (shovel) தூக்குறியள்.

ஏன் செய்யினம் எண்டும் எனக்கு விளங்குது. விடிய மீன் வாங்கி, வளவு கூட்டி வாழ்ந்த மனுசருக்கு மகன்ட வீட்டில சும்மா இருந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு. பிள்ளையள், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், சவலை இரவே காருக்குள்ள வச்சுப் பூட்டுங்கோ, அப்பாவுக்கு வேற வேலை குடுங்கோ, பேரனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கட்டும். நீங்கள் தள்ளினாலும் தூக்கி எறியாதீங்கோ, நிலத்தோட தள்ளுங்கோ, கொஞ்சம் கொஞ்சமா நிண்டு நிண்டு செய்யுங்கோ, வயிறு முட்டச் சாப்பிட்ட உடன இறங்காதீங்கோ.

போற ஆக்கள் குளிசையை முழு நாளுக்கும் கணக்குப் பாத்துக் கொண்டுபோங்கோ, காணாது எண்டு ஒண்டுவிட்ட நாள் போடுற பழக்கம் வேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோகாமலே அட்டாக் வரலாம், தாடை நோ, கை உளைவு, வேர்வை, மூச்சுமுட்டு எது வந்தாலும் 911 அடியுங்கோ, இங்க எண்டா 1990. இன்சூரன்ஸ் காசை நினைச்சு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேல்ல.

இந்த ஐயாவுக்கு வாற கிழமை எக்கோ, இதயத்தை ஸ்கான் பண்ணிப் பாக்கிறது. கார்த்திகையில திரும்பப் போக டிக்கெட்டும் போட்டாச்சாம். மகன்ட நம்பரை அம்மாட்ட வாங்கி வச்சிருக்கிறன், இண்டைக்கு இரவு எடுத்துக் கதைக்கப் போறன்.